கொஞ்சம் மெதுவாக அடி

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். நான் கல்லூரியில் சொன்ன பொய்கள் எல்லாம் இதைவிட அழகாக இருக்கும். இது நடந்தது என்பதற்கு அதுவே சாட்சி.

பேய்க்கு நடுநிசி வேண்டும் என்பார்கள். எங்களுக்கு வந்தது 1951 ஐப்பசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சுக்குப் போய்வந்து மீன்குழம்பு சாப்பிட்ட பிறகு.

தேங்காய்ப்பட்டணத்தில் என் கூட்டாளி குமாரதாஸின் வீடு. அவன் அண்ணன் சத்தியராஜ் சரக்குக் கப்பலில் வயர்லெஸ் ஆபரேட்டர். புயலில் கப்பல் காணாமல் போய் மூன்று வாரம். கம்பெனி "தேடுகிறோம்" என்றது. அம்மா நேசம்மாள் தினமும் அவனுக்குச் சோறு மூடி வைத்தாள்.

சத்தியராஜ் பட்டாளத்து ஏலத்தில் எடுத்த வயர்லெஸ் பெட்டி ஒன்று வீட்டில் கிடந்தது. கேட்கலாம், அனுப்பலாம். லைசென்ஸ் கிடையாது. பேட்டரியும் கிடையாது. அன்றுதான் நான் ஒரு லாரி பேட்டரி கொண்டுவந்து மாட்டினேன். அதுவரை பெட்டி ஊமை.

ஹெட்போனை ஆளுக்கொரு காதில் வைத்ததும் இரைச்சல். ஷ்ஷ்ஷ்... அதற்கடியில், மெலிசாக... டீ... டீ... டிட்... டீ...

"ஏலே, அண்ணனாக்கும்!" என்றான் குமாரதாஸ்.

"தவளையா இருக்கும்லே."

நேசம்மாள் ஓடி வந்தாள். "சாப்பிட்டானான்னு கேளு மக்கா."

"எங்க கிடக்கான்னு மொதல்ல கேக்கட்டும்மா."

அண்ணனிடம் தந்தி பழகியிருந்த குமாரதாஸ் சாவியை எடுத்து அடித்தான். எங்கே இருக்கிறாய்? பரபரப்பில், வெளியே ஓட்டின்மேல் விழுந்துகொண்டிருந்த மழைபோல அடித்தான். நான் பௌதிகம் படிக்கிறவன் அல்லவா, யோசனை சொன்னேன்: "இன்னும் வேகமா அடிலே. பத்து தடவை அடிச்சா ஒண்ணாவது போய்ச் சேரும்."

பதில் வந்தது. மூன்றே எழுத்து. கியூ, ஆர், எஸ்.

'மெதுவாக அடி' என்பதற்கு ஆபரேட்டர்கள் வைத்திருக்கும் சுருக்கம் அது. தந்தியில் 'டிட்' புள்ளி, 'டீ' கோடு; இரைச்சலில் குட்டிப் புள்ளி மூழ்கிவிடும். நீட்டி அடித்தால் தலை தெரியும். சத்தம் மெலிய மெலிய இன்னும் நீட்ட வேண்டும்.

குமாரதாஸ் நீட்டி அடித்தான். எங்கே... இருக்கிறாய்...

அதே மூன்று எழுத்து. சத்தம் பாதி. நீளம் இரண்டு மடங்கு.

இன்னும் நீட்டி அடித்தான்.

அதே மூன்று எழுத்து. ஒரு புள்ளி முடிவதற்குள் நான் ஒரு கட்டன்சாயா குடித்துவிட்டேன். எனக்குச் சிரிப்பு வந்தது.

"நாம சொல்லது அவனுக்குப் பிடிபடல்லலே," என்றான் குமாரதாஸ்.

விளக்கு வைக்கிற நேரம். மறுபடி முதல் எழுத்து. அதன் முதல் கோடு தொடங்கியது.

டீ...

முடியவில்லை.

மழை நின்றது.

டீ...

பேட்டரிக் கம்பியைப் பிடுங்கினேன். இரைச்சல் நின்றது.

கோடு நிற்கவில்லை.

ஒரு மாதம் கழித்து, அந்தக் கப்பலில் பிழைத்த சூசை வந்தான். வேறொரு கப்பல் அவனைத் தூக்கி ரங்கூனில் இறக்கியிருந்தது. தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்.

"ரெண்டுபேரும் ஒரு பலகையில கிடந்தோம்மா. சத்தியராஜ் விரலால தட்டிக்கிட்டே இருந்தான். என்னலேன்னு கேட்டேன். 'தம்பி அடிக்கான். ஒரு எழுத்தும் பிடிபடல்ல. மெதுவா அடிக்கச் சொல்லுதேன்'னான். தட்டு வரவர மெதுவாச்சு. கடைசியில விரலை அமுக்கினான்... எடுக்கல்ல. அப்பதான் கப்பல் வந்து கயிறு எறிஞ்சாங்க. நான் பிடிச்சேன். அவன் பிடிக்கல்லம்மா. 'விரலை எடுத்தா தம்பிக்கு அறுந்துபோகும்'னான்."

குமாரதாஸ் தந்திச் சாவியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"அது என்னைக்கு?" என்றேன். கேட்டிருக்கக் கூடாது.

புயலடித்த நாலாம் நாளாம்.

நான் பேட்டரி கொண்டுவந்தது அதற்கு இரண்டு வாரத்துக்கும் மேல் கழித்து.