ஏரிக்கரையில் நின்றவர்கள்

மாசி மாதத்து ஞாயிறு ஒன்றில், காலை ஒன்பது மணியளவில் காஞ்சிபுரத்தில் உத்திரமேரூர்ப் பேருந்தில் ஏறினேன். ஓரிக்கை தாண்டிப் பாலாற்றுப் பாலத்தில் வண்டி சென்றபோது கீழே மணலும் நாணலுமே கண்ணில் பட்டன. களக்காட்டூர், மாகறல் வழியாக ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர். வேட்டியும் தோள்பையுமாக அமர்ந்திருந்த என்னை, கல்வெட்டுக் காண வந்தவன் என்றே நடத்துநர் முடிவுகட்டிவிட்டார். கல்வெட்டைப் பலமுறை கண்டாயிற்று, இன்று ஒரு விழாவுக்குச் செல்கிறேன் என்றதும் அவருக்குச் சற்றே ஏமாற்றம்.

உத்திரமேரூருக்கு அப்பால், அறுவடை முடிந்த வயல்களுக்கு நடுவே ஒரு தனியார் பல்கலைக்கழகம் இருக்கிறது. கானா, நைசீரியா, உகாண்டா, சூடான் முதலிய நாடுகளின் மாணவர்கள் நம் மாணவர்களோடு அங்குப் பயில்கின்றனர். ஆண்டுதோறும் அரங்கத்துக்குள் நடந்துவந்த கறுப்பின மரபு விழாவை, இம்முறை ஊர் ஏரியை ஒட்டிய திடலில் நடத்த இசைவு பெற்றிருந்தனர். தமிழர் தோற்கருவிகளைப் பற்றிப் பேசுமாறு என்னை அழைத்திருந்தனர்.

பேருந்து நிலையத்திலிருந்து மூன்று சக்கரத் தானிக்கு எண்பது ரூபாய். ஓட்டுநர் ஏழுமலை அந்த ஊர்க்காரர். வழிநெடுக வீட்டுச் சுவர்களில் ‘அனைவரும் வருக, அனைவர்க்கும் விருந்து உண்டு’ என்னும் சுவரொட்டி, பிழையற்ற தமிழில் ஒட்டப்பட்டிருந்தது. ஊரார் வருவார்களா என்று கேட்டேன்.

“ஊரே அதான் பேசிக்கினு கீது சார். ஆனா ஒர்த்தரும் போமாட்டாங்க” என்றார். காரணம் கேட்பதற்குள் திடல் வந்துவிட்டது.

விழாப் பொறுப்பாளர் அபேனா கானா நாட்டவர். வேளாண்மை இறுதியாண்டு மாணவி. நான்காண்டுகளில் இவ்வூர்க் கழனிகளில் இறங்கி நின்றே தமிழ் கற்றவர். தோளில் கெந்தே என்னும் பன்னிறக் கட்டத் துணி. சித்திரையில் ஊர் திரும்புகிறார். திடலின் ஒருபாதி நாற்காலிகளை ஊராருக்கென ஒதுக்கியிருந்தார்.

“நாலு வருசமா இவங்க என்னைப் படிக்கிற பொண்ணாத்தான் பாத்தாங்க சார். எனக்கும் ஒரு ஊரு கீது, தாத்தா பாட்டன் கீறாங்கன்னு இன்னிக்கிதான் பாக்கப்போறாங்க” என்றார்.

பிற்பகல் மூன்று மணிக்கு முரசுகள் முழங்கின. சென்னைக் கல்லூரிகளிலிருந்து வந்திருந்த ஆறு இளைஞர்கள் முழக்கினர். தம் ஊரில் முரசு கேட்டாலே போதும், அதுவே அழைப்பு, எவரும் வந்துவிடுவர் என்று அபேனா முன்னரே சொல்லியிருந்தார். ஊர்ப்பக்கத்து நாற்காலிகளோ வெறுமையாகவே கிடந்தன.

செம்பு நீரை மண்ணில் வார்த்து, கடல்கடந்து அடிமைகளாய்க் கொண்டுசெல்லப்பட்டு மாண்ட முன்னோரை அவர் விளித்தார். ஒவ்வொரு விளிக்கும் கூடியிருப்போர் குரல் கொடுத்தல் அவருடைய ஊர் வழக்காம். மாணவர்கள் கொடுத்தனர். அபேனாவின் பார்வை மட்டும் மாணவர்களைக் கடந்து ஏரிக்கரைக்குச் சென்றது. அங்கே முப்பது நாற்பது பெண்கள் வரிசையாக நின்று பார்த்துக்கொண்டிருந்தனர். அவர் கையசைத்தார். ஓரிருவர் சிரித்தனர், எவரும் இறங்கி வரவில்லை.

என் உரை முடிந்ததும் கரையேறினேன். முன்னால் நின்றவர் மல்லிகா என்னும் உழவர். அபேனா களப்பயிற்சி பெற்றது இவருடைய கழனியில்தான். இடுப்பில் இருந்த பால் தூக்கின் மூடியில் அவர் விரல்கள் முரசின் தாளத்தைத் தட்டிக்கொண்டிருந்தன. ஏன் இங்கேயே நின்றுவிட்டீர்கள் என்றேன்.

“கூப்டலியே சார்.”

சுவரொட்டியைச் சுட்டினேன்.

“செவுத்துக்குத்தான் சொன்னாங்க. அந்தப் பொண்ணு என்ன ரோட்ல பாத்து ‘வாங்கக்கா’ன்னுச்சி. ரோட்ல சொல்றது ஒரு அழைப்பா? வூட்டு வாசப்படில வந்து நின்னு, குங்குமம் குட்த்து, வாங்கன்னு சொல்லணும். நோட்டீஸ்ல சோறு வேற போட்டுக்கிறாங்க. சோத்துக்கு வந்தாளுங்கன்னு நாள பின்ன பேச்சு வராதா?”

பின்னால் நின்றவர், “நீதான் மொத ஆளா ஓடியாந்து எடம் புட்ச்ச” என்று மல்லிகாவைச் சீண்ட, எல்லோரும் சிரித்தனர். கரையிலும் இடம்பிடிக்கும் அளவுக்கு ஆவலோடுதான் வந்திருந்தனர்.

இறங்கிவந்து அபேனாவிடம் சொன்னேன். ஊரார் வீட்டுக் கதவுகளைத் தட்டித் தொல்லை தரலாகாது என்பது, சேர்ந்த முதல்நாளே விடுதி அலுவலகம் இட்ட கட்டளையாம். நான்காண்டுகளாக அதைக் கடைப்பிடித்ததே ஊராருக்குத் தாம் காட்டிய மதிப்பு என்று எண்ணியிருந்தார். விடுதித் தோழியரிடம் தட்டும் குங்குமமும் தேடிப் பெற்று அவர் திரும்பியபோது கரை வெறிச்சோடியிருந்தது. பால் கறக்கும் வேளை. எல்லோரும் வீடு திரும்பிவிட்டனர்.

ஆறு மணிக்கு, விழா முடிந்தபின், ஏழுமலையின் தானிக்காக மல்லிகாவின் வீட்டெதிரே நின்றிருந்தேன். அபேனா தட்டோடு வந்து கதவைத் தட்டினார். மல்லிகா ஈரக்கையைத் துடைத்தபடி வந்தார்.

“அக்கா, எங்க விழாவுக்கு வாங்க.”

மல்லிகா தட்டைப் பார்த்தார், அபேனாவைப் பார்த்தார். பிறகு குங்குமத்தைத் தொட்டு நெற்றியில் இட்டுக்கொண்டார்.

“வரோம்மா. அந்த மோளம் இன்னொரு வாட்டி அடிப்பாங்களா?”

“அவங்க வேன் ஏறிப் பூட்டாங்க அக்கா.”

“அடுத்த வருசம் நீ இருக்கமாட்டியே” என்றார் மல்லிகா. அபேனா தட்டை ஏந்திக்கொண்டு அடுத்த வீட்டுக்குச் சென்று, அந்தக் கதவையும் தட்டினார்.

திருச்சியில் என் அடுக்ககத்தில் அழைப்புகள் எல்லாம் கைப்பேசிக்கே வருகின்றன. போனால் மகிழ்ச்சி, போகாவிடில் கேட்பார் இல்லை. இங்கு வராமற்போனவர்களும் வரவேற்கக் காத்திருந்தவரும் ஒரே அளவில் வருந்தினர். தானி திரும்புகையில் அதே சுவரொட்டிகள் விளக்கொளியில் ஒவ்வொன்றாகத் தோன்றி மறைந்தன. ‘அனைவரும்’ என்பது அந்த ஊரில் யாருடைய பெயரும் அன்று.