மரத்த கையோடு கோடி கொண்டு போன வழி

மதிப்பிற்குரிய ஐயா, அம்மணி,

மோட்டார் சைக்கிளில் நெடுந்தொலைவு செல்வோருக்குக் கை மரத்துப்போவது சிறிய தொல்லையாகத் தோன்றலாம். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். 1996ஆம் ஆண்டு தை மாதத்தில், மதுக்கரையிலிருந்து குண்டடத்துக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூருக்கு நான் சென்ற பயணத்தை, அதன் பொருட்டே, வண்டியோட்டுவோருக்கென அச்சிட்ட இந்தத் தாளில் எழுதுகிறேன்.

அன்று விடியற்காலையில் எதிர்க் கடைத் தொலைபேசிக்குச் செய்தி வந்தது. நோயுற்றிருந்த என் தங்கை ருக்மணி காலமானாள். அவளைக் கவனித்துக்கொள்ள என் மனைவி முன்பே அங்கே சென்றிருந்தாள். பெண்ணுக்குப் பிறந்த வீட்டுக் கோடித்துணி வந்து சேராமல் எங்கள் பக்கத்தில் உடலை எடுப்பதில்லை. உடன்பிறந்தவன் நான் ஒருவனே. பொழுது சாய்வதற்குள் நான் போய்ச் சேர வேண்டும். பேருந்து மாறி மாறிப் போனால் அது நடவாது என்று என் பழைய மோட்டார் சைக்கிளை எடுத்தேன்.

காந்திபுரத்தில் துணிக்கடை திறக்கும்வரை காத்திருந்து, நூற்றெண்பது ரூபாய்க்கு அரக்கு நிறச் சேலை ஒன்று வாங்கினேன். கடையை விட்டுக் கிளம்பும்போது மணி பத்து. கோடித்துணியை வழியில் கீழே வைப்பதோ, அதன்மேல் உட்காருவதோ வழக்கமில்லை. ஆகையால் இருக்கையின்மேல் கட்டாமல், பையின் காதை வலக்கையில் இரண்டு சுற்றுச் சுற்றி, கைப்பிடியோடு சேர்த்து இறுகப் பிடித்துக்கொண்டேன். பிழை அங்கேயே தொடங்கிவிட்டது.

சிங்காநல்லூர் தாண்டுவதற்குள் சுண்டுவிரல் குறுகுறுத்தது. சூலூரில் மோதிர விரலும் சேர்ந்துகொண்டது. எதிர்காற்று குளிர்ந்து வீசியது. தாமதமாகிவிடுமோ என்ற அச்சத்தில் இன்னும் இறுக்கிப் பிடித்தேன். இறுக்க இறுக்க இயந்திரத்தின் அதிர்வு முழங்கைவரை ஏறியது. இடக்கையும் மெல்ல மரத்தது. வழியெங்கும் விசைத்தறிகளின் ஓசை. என் எலும்புக்குள்ளும் அதே ஓசை ஓடுவதுபோல் இருந்தது.

பல்லடத்தில், முன்னால் சென்ற முட்டை வண்டி சட்டென்று நின்றது. கைப்பிரேக்கைப் பிடித்தேனா இல்லையா என்பது கைக்குத் தெரியவில்லை. கால்பிரேக்தான் காத்தது. ஒரு சாண் இடைவெளியில் நின்றேன்.

ஓட்டுநர் இறங்கி வந்தார். நாற்பது வயதிருக்கும்.

"ஏனுங்க பெரியவரே, கொஞ்சம் உட்டிருந்தா இன்னைக்குப் பல்லடத்துக்கே ஆம்லெட் போட்டிருப்பீங்களாட்ட இருக்குதுங்க!"

"கை மரத்துப்போச்சுங்க."

"பின்ன, எருமைக் கொம்பப் புடிச்சாப்புல புடிச்சுட்டு வாரீங்க! அந்தப் பையக் கீழ வெச்சுப்போட்டு கைய உதறுங்க."

"கீழ வைக்கக் கூடாதுங்க. கோடித்துணி. தங்கச்சிக்கு."

அவர் முகத்திலிருந்த சிரிப்பு அணைந்தது. இரண்டு கைகளையும் வேட்டியில் துடைத்துக்கொண்டு நீட்டினார்.

"எங்கிட்டக் குடுங்க. நான் புடிச்சுக்கறேன். எங்கக்காளுக்கும் நாந்தானுங்க கொண்டு போனேன்."

அவர் பையைப் பிடித்தபடி நிற்க, நான் கைகளை உதறினேன். உள்ளங்கையில் பையின் காது பதிந்த தடம் வெளுத்துக் கிடந்தது. துண்டால் பையை என் மார்போடு கட்டிவிட்டவர் அவரே.

"கைப்புடிய சும்மா தொட்டாப் போதுமுங்க. ஒடம்ப முழங்காலுல தாங்குங்க, டேங்க அணைச்சு. மணிக்கட்டு மடங்கக் கூடாது. அங்கங்க நின்னு வெரல மடக்கி நீட்டுங்க. அவசரத்துல நிக்காம போயிராதீங்க."

தாராபுரம் சாலையில் அவர் சொன்னபடியே ஓட்டினேன், கடைசி ஒன்றைத் தவிர. நிற்பதற்கு மனம் வரவில்லை. வழியில் மேலும் இருமுறை நின்றிருந்தால் அரைமணி நேரம்கூடத் தாமதமாகியிருக்காது.

ஒரு மணிக்கு முன்பே போய்ச் சேர்ந்தேன். பந்தலில் இருந்தவர்கள் எழுந்து வழிவிட்டனர். மார்பில் கட்டிய துண்டின் முடிச்சை என்னால் அவிழ்க்க முடியவில்லை. ருக்மணியின் கணவர் அருகில் வந்தார்.

"நான் அவுக்கறேன், இருங்க மச்சான். உங்களுக்கோசரந்தான் வெச்சிருக்கறோம்."

சேலையை விரித்து அவள்மேல் போர்த்தினேன். சேலையின் சொரசொரப்பு எனக்குத் தெரியவில்லை. குனிந்து அவள் நெற்றியில் கை வைத்தேன்.

"சில்லுனு ஆயிப்போச்சுங்க," என்று என் மனைவி அழுதாள்.

எனக்கு அந்தச் சில்லிப்புத் தெரியவில்லை. மரக்கட்டையை மரக்கட்டையின்மேல் வைத்ததுபோல் இருந்தது. கையை மாற்றி வைத்துப் பார்த்தேன். அதற்குள் "பொழுதாவுது, எடுங்க" என்று யாரோ சொன்னார்கள். எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் மனைவியைப் பின்னால் அமர்த்தி மெதுவாகத் திரும்பினேன். பல்லடம் தேநீர்க் கடையில் கண்ணாடிக் கிளாஸைப் பற்றியபோது விரல் சுட்டது. கிளாஸைக் கீழே வைக்காமல், சூடு ஆறும்வரை பிடித்துக்கொண்டே நின்றேன். "சுடலீங்களா?" என்று அவள் கேட்டாள். "சுடுது" என்றேன்.

ஐயா, அம்மணி, வேகமாகப் போனதால் எனக்குக் கிடைத்த நேரம் எதற்கும் பயன்படவில்லை. பிடியைத் தளர்த்துங்கள். கைக்கும் கைப்பிடிக்கும் நடுவே எதையும் சுற்றாதீர்கள். விரல் குறுகுறுத்த உடனே, எந்த அவசரமானாலும், வண்டியை நிறுத்துங்கள். போய்ச் சேரும் இடத்தில் அந்தக் கை உங்களுக்கு வேண்டியிருக்கும்.

இந்தத் தாளை எறிந்துவிடாமல் வைத்திருக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.