நான் சொன்ன ஒரு ஆமாங்க

என் மகளுக்கு ஆறு வயதானபோது, ஏறக்குறைய இரண்டு மாதம் அவளுக்கு முட்டை கொடுக்காமல் இருந்தேன். எங்கள் வீட்டுக்குப் பின்னால்தான் முட்டைக்கோழிப் பண்ணை. கணவரும் மாமனாரும் அதை நடத்துகிறார்கள். நான் விலங்கியல் படித்தவள். அப்படியிருந்தும் நிறுத்தினேன்.

பள்ளி வேனுக்காகப் பரமத்தி சாலையில் நாங்கள் ஐந்து தாய்மார்கள் நிற்போம். மூத்தவர் லாரி வைத்திருப்பவரின் மனைவி. எல்லோருக்கும் அவர் அக்கா. ஒருநாள் அவர், "இப்ப வர்ற முட்டையெல்லாம் ஊசி போட்ட கோழி போடறதுதானுங்க. பொட்டப்புள்ளைக்குக் குடுத்தா சீக்கிரமே வயசுக்கு வந்துருமாமா. நான் நிறுத்திப்போட்டேன்" என்றார். மற்ற மூவரும் தலையாட்டினார்கள். பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பண்ணைக்காரி நான்தானே.

நாங்கள் கோழிக்குப் போடுவது நோய்த் தடுப்பூசி மட்டும்தான். அதைச் சொல்ல நினைத்தேன். வியாபாரத்துக்காகச் சொல்கிறாள் என்று நினைத்துவிடுவார்களோ?

"ஆமாங்க்கா, நானும் கேள்விப்பட்டேன்" என்றேன்.

வீடு திரும்பும்போதே சந்தேகம் பிடித்துக்கொண்டது. நான்கு பேர் நம்புகிறார்கள். நான் படித்ததுதான் தவறாக இருந்தால்? பிடிவாதமாகக் கொடுத்து, பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? மறுநாள் அவள் தட்டில் முட்டை வைக்கவில்லை.

"ஊரே நம்ம முட்டையத் திங்குது, நம்ம புள்ளைக்கு மட்டும் ஆகாதா?" என்று கணவர் சிரித்தார். "அப்பப் பண்ணைய மூடிப்போட்டு நானும் உங்ககூட வேனுக்கு வந்து நிக்கறேன்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. முட்டை இருந்தால்தான் அவள் ஒழுங்காகச் சாப்பிடுவாள். இட்லி பாதி மீந்தது. அவள் தூங்கும்போது மணிக்கட்டை என் விரல்களால் சுற்றிப் பார்ப்பேன். நேற்றைவிட இளைத்திருக்கிறதா, எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறதா?

ஒரு காலையில் வேன் தாமதமானது. அக்காவின் மகள் டிபன் டப்பாவைத் திறந்து என் மகளுக்குக் காட்டினாள். உள்ளே ஆம்லெட்.

"எங்கூட்டுல தெனமும் இதுதான்" என்றாள்.

அக்கா மூடியை வாங்கி அழுத்தினார். "இவங்கப்பா கேக்கறதில்லீங்க, என்ன பண்றது."

பக்கத்தில் நின்றவர் மெதுவாக, "எங்கூட்டுலயும் மாமியா ஒளிச்சு ஊட்டி உட்டுருதுங்க" என்றார்.

மற்ற இருவரும் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களும் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள், ஏமாந்தது நான் ஒருத்திதான் என்று நினைத்தேன்.

மறுநாள் இரண்டு முட்டை அவித்து வைத்தேன். மகள் இரண்டையும் தின்றுவிட்டு, "அங்க கேட்டாச் சாப்புடலைன்னு சொல்லோணுமாம்மா?" என்றாள். நான் அவளிடம் அப்படிச் சொல்லச் சொன்னதே இல்லை.

"சாப்பிட்டேன்னே சொல்லு சாமி."

ஆனால் அவளைச் சொல்ல விட்டுவிட்டு நான் சும்மா நிற்க முடியாது. வேன் நிற்கும் இடத்துக்குப் போனதும், "அன்னைக்கு நான் தப்பாச் சொல்லிப்போட்டேங்க. எங்க கோழிக்கு அந்த மாதிரி ஊசியெல்லாம் போடறதில்லீங்க" என்றேன்.

அக்கா கைப்பையில் எதையோ தேடினார். முந்தின நாள் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்த இருவரில் ஒருவர் என் பக்கம் திரும்பினார். அவருடைய மகள் அவர் சேலையைப் பிடித்தபடி நின்றாள். அவளும் இளைத்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

"அக்கா சொன்னப்பக்கூட நான் நம்புலீங்க" என்றார் அவர். "பண்ணை வச்சிருக்கற நீங்களே ஆமான்னீங்க. அதுக்கப்பறந்தான் நான் நிறுத்துனேன்."