சின்ன டேமேஜ்தான்

நல்லம்மாளுக்கு நல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வரும் சட்டைகளை வெளிச்சத்தில் புரட்டிப் பார்ப்பாள். ஓட்டையோ எண்ணெய்க் கறையோ தெரிந்தால் அந்த இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவாள். அங்கே எல்லாக் குறைக்கும் ஒரே பெயர்தான்: டேமேஜ். கணவன் போன பிறகு அந்த வேலையில்தான் மகனை வளர்த்தாள். சொல்லும் அவளோடு வீட்டுக்கு வந்துவிட்டது. உடைந்த முறுக்கு டேமேஜ். காய்ச்சல் வந்தால், "உடம்பு டேமேஜ் ஆயிருச்சுங்க." பக்கத்து வீட்டாரோடு சண்டை என்றால், "எம்பேரை டேமேஜ் பண்ணாதீங்க!"

மகன் அருள்குமார், சோமனூர்த் தறிக்காரர் கன்னையனின் மகள் சித்ரகலாவை விரும்பினான். பயந்து பயந்துதான் அம்மாவிடம் சொன்னான். நல்லம்மாள் அவன் தலையைத் தடவி, "நானே வந்து பேசறேன் சாமி" என்றாள். ஜாதகமும் பொருந்தியது. 2006 தை மாதத்தில், நிச்சயத்துக்கு நாள் குறிக்கத்தான் இருவரும் சோமனூர் போனார்கள்.

சித்ரகலா காபி கொண்டுவந்து நீட்டினாள். மணிக்கட்டருகே ஒரு பழைய தீத்தழும்பு. நல்லம்மாளின் கை தானாக நீண்டது. சட்டைக் கையைப் புரட்டுவது போலவே அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

"சின்ன டேமேஜ்தானுங்க. வளையல் போட்டா மறைஞ்சிரும். ஓகே பண்ணிக்கலாம்."

மனம் நிறைந்துதான் சொன்னாள். பெண்ணைப் பிடித்துவிட்டது என்று சொல்ல அவளுக்கு வந்த வார்த்தை அதுதான்.

சித்ரகலா கையை மெல்ல இழுத்துக்கொண்டாள். கண்கள் குளமாகியிருந்தன. குரல் மட்டும் நடுங்கவில்லை.

"ஏனுங்க அத்தை, ஸ்டிக்கர் கொண்டாந்திருக்கீங்களா? ஒட்டிட்டுப் போயிருங்க."

பூமி பிளந்து தன்னை விழுங்கிவிடக் கூடாதா என்றிருந்தது நல்லம்மாளுக்கு. "ஐயோ கண்ணு..." என்றாள்.

கன்னையன் எழுந்து கைகூப்பினார். "டிபன் சாப்பிட்டுட்டுத்தான் போகோணுமுங்க. ஜாதகத்தை இன்னொருக்கா பாத்துட்டுச் சொல்லி அனுப்பறோமுங்க."

பொருந்திய ஜாதகத்தை யார் மறுபடி பார்ப்பார்கள்? அது என்ன பதில் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரிந்தது. தட்டில் உப்புமா வைத்தார்கள். அத்தனை மரியாதையோடு பரிமாறினார்கள்!

பஸ்ஸில் மகன் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னைத் திட்டிப்போடு சாமி. வாய் விட்டுத் திட்டு."

"எப்படிம்மா திட்டறது? வேணும்னே சொல்லியிருந்தாச் சண்டை போட்டிருப்பேன். நீங்க பாசமாத்தான சொன்னீங்க."

நல்லம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மறுநாள் கம்பெனியில், பக்கத்து மேசை ஆஷா ஒரு சட்டையை நீட்டினாள். "யக்கா, கையில பாருங்க. இது டேமேஜ்தான?"

மணிக்கட்டு வரும் இடத்தில் ஒரு சின்னப் பொட்டு. விரல் நுனியில் ஸ்டிக்கரை வைத்துக்கொண்டு நல்லம்மாள் அப்படியே நின்றாள்.

"கறைன்னு சொல்லு கண்ணு" என்றாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு. "வெறும் கறைன்னு சொல்லு."