சாருக்கு இடப்பக்கம்

உழவர்கரையில் ஆதிமூலத்தைத் தெரியாதவன் ஊருக்குப் புதுசு. மூணாங்கிளாஸ் தாண்டாதவன், மில்லில் பஞ்சு கூட்டியவன், தட்டாஞ்சாவடியில் சொந்த லேத்துப் பட்டறை போட்டான். கை தூக்கிவிட்டது யார்? ஒருத்தனும் இல்லை. அப்பேர்ப்பட்டவன் ஒரு பொம்மை டாங்கியிடம் மட்டும் வருஷக்கணக்காய்த் தோற்றான்.

அடுத்த வீட்டு பெஞ்சமேன் பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர்; ஆதிமூலத்துக்கு அவர் ‘முசியே’, அதாவது பிரெஞ்சு ‘ஐயா’. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சாப்பாட்டு மேசையில் வரைபடம் விரித்து, பகடை உருட்டி ஆடும் சண்டை விளையாட்டுக்கு ஈய டாங்கிகளை நிறுத்துவார். தன் பக்கத்துப் பெரிய டாங்கியைப் பிரெஞ்சில் ‘ஷார்’ என்பார். ஆதிமூலத்துக்கு அது ‘சார்’ என்றுதான் விழும்.

“இரும்புக்கு என்னா முசியே மரியாத? சாராவது மோராவது!” என்று தன் சின்ன டாங்கிகளை நேரே விடுவான். பகடை உருளும். அத்தனையும் காலி.

“ஷாருக்கு மூஞ்சி கல்லுடா. முன்னால ஒண்ணக் காட்டி இழு, பொகையப் போடு, வெலாவுல அடி.”

“மறைஞ்சி அடிக்கிறவன் நான் இல்ல.”

“அப்ப தோத்துக்கினே இரு.”

இரண்டாயிரத்து ஆறில் பெஞ்சமேனுக்குப் பக்கவாதம். ஆஸ்பத்திரியிலிருந்து நடந்தே திரும்பிவிட்டார், பேச்சிலும் குறையில்லை. ஆனாலும் மகள் ஏஸ்தெல் அவரைப் பிரான்சுக்கே கூட்டிப்போக வந்துவிட்டாள். இனி ஒரே ஒரு ஞாயிறு. அவர் போவதற்குள் ஒருதரம் ஜெயித்துவிட வேண்டும், அது ஒன்றுதான் ஆதிமூலத்துக்கு.

அன்றைக்கு வீம்பை விழுங்கினான். முன்னால் ஒரு சின்ன டாங்கியைக் காட்டினான். சார் துரத்தி வந்தது. புகைக்குப் பின்னால் தன் பீரங்கியை அவருக்கு இடப்பக்கமாய் நகர்த்தினான். பெஞ்சமேன் திரும்பவே இல்லை. இன்னும் கிட்டே கொண்டுபோனான். அப்போதும் இல்லை. பகடையில் ஆறு.

“சாரு அவுட்டு முசியே!” மேசையே அதிர்ந்தது.

ஏஸ்தெல் கேக்குத் தட்டை அப்பா முன்னால் வைத்தாள். அவர் வலப்பக்கத்துத் துண்டுகளைத் தின்றுவிட்டு, “அவ்ளோதானாம்மா?” என்றார். இடப்பக்கத்தில் பாதி அப்படியே இருந்தது. மீதி வலப்பக்கம் வரும்படி அவள் தட்டைத் திருப்பி வைத்தாள்.

“அப்பாவுக்கு எடது பக்கம் தெரியறதில்ல மாமா,” என்றாள் மெதுவாக. “தெரியலன்றதே அவருக்குத் தெரியாது.”



“எங்கேந்துடா அடிச்ச?” பெஞ்சமேன் சாரைக் கையிலெடுத்து வலப்பக்கம் முழுக்கத் தேடினார். “நல்ல அடிடா. பீரங்கிய எங்க வெச்சிருக்க, காட்டு.”

அவருடைய இடது முழங்கையை ஒட்டித்தான் இருந்தது பீரங்கி. அவர் இன்னும் வலப்பக்கமே தேடிக்கொண்டிருந்தார்.