பனிப் பொம்மையும் மண் பொம்மையும்

முழுக்க நான் எழுதியது. ஒரு வரிகூட என்னுடையது இல்லை. அது என்ன? அகராதியும் கையுமாக அல்லாடியவர்களுக்கு விடை உடனே தெரிந்திருக்கும்: மொழிபெயர்ப்பு. ஒரு நாளிதழின் சிறுவர் பக்கத்துக்காகப் பல வருடம் செய்த அந்த வேலையை முறையாகப் படிக்கலாம் என்று மொழிபெயர்ப்பியல் எம்.ஏ.வில் சேர்ந்தேன்.

நரியின் விலாசம்

"வெளிநாட்டுக் கதையை நம்ம ஊருக்குக் கூட்டிட்டு வரலாம், இல்லன்னா வாசகரை அந்த ஊருக்குக் கூட்டிட்டுப் போகலாம்" என்றார் பேராசிரியை. நான் எப்போதும் முதல் கட்சி. என் சிறுவர் பக்கத்தில் நரி ரொட்டிக் கடைக்குப் போகாது. கரையான்சாவடி பஜ்ஜிக் கடைக்குத்தான் போகும். வகுப்பில் இதைக் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

ஐடி வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் பிரகாஷ் பின்வரிசையிலிருந்து கேட்டான்: "அப்போ நரிக்கு ஆதார் கார்டும் வாங்கிக் குடுத்துட்டீங்களா மேடம்?"

திரும்பி வந்த கதை

ஆய்வேட்டுக்கு ஓர் ஆங்கிலக் குழந்தைக் கதையை எடுத்துக்கொண்டேன். ஒரு சிறுமி பனியில் பொம்மை செய்து அதோடு சிநேகமாகிறாள். வெயில் காலம் வந்து பொம்மை உருகிவிட, அழுகிறாள். எங்கள் ஆவடிப் பிள்ளைகள் பனியை எங்கே பார்த்தார்கள்? மண் பொம்மையாக்கி, மழையில் கரைத்துவிட்டேன்.

எங்கள் துறையில் ஒரு வழக்கம் உண்டு. மூலத்தைப் பார்க்காத ஒருவர், நம் தமிழை மறுபடி ஆங்கிலமாக்க வேண்டும். எது தொலைந்தது என்று அதில் தெரியும். பிரகாஷ் ஆக்கிக் கொடுத்ததைப் பேராசிரியை நிதானமாகப் படித்தார்.

"எல்லாம் சரியா இருக்கு. ஆனா மூலத்தைப் படிச்சப்போ வந்த அழுகை இதுல வரல. ஏன்னு கண்டுபிடிச்சு எழுதுங்க. இல்லன்னா வாய்மொழித் தேர்வுல மாட்டிப்பீங்க."

குவார்ட்டர்ஸ் வாசகி

எத்தனை கோட்பாட்டைப் புரட்டியும் காரணம் கிடைக்கவில்லை. பனியை அப்படியே வைத்து இன்னொரு பிரதி எழுதினேன். எங்கள் குவார்ட்டர்ஸில் பக்கத்து வீட்டு நிலா மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். அவளுக்கு இரண்டையும் படித்துக் காட்டினேன். பனி என்றதும், "ஃப்ரிட்ஜ்ல சொரண்டுவோமே, அதுவா?" என்று கேட்டுத் தெளிந்துகொண்டாள். கடைசிவரை கேட்டுவிட்டு, மண் கதையைக் காட்டினாள்.

"மண்ணு அங்கேயேதானே ஆன்ட்டி கெடக்கும்? மழை விட்டதும் மறுபடி செஞ்சுக்கலாம்ல. இவ எதுக்கு அழுவுறா? பனின்னா தண்ணியா ஓடிப் போயிடும், அது பாவம்."

இதையே என் ஆய்வேட்டில் எழுதி, பனிப் பிரதியைச் சமர்ப்பித்துத் தேறினேன். பிறகு இரண்டு பிரதிகளையும் நிலாவிடம் நீட்டி, பிடித்ததை வைத்துக்கொள்ளச் சொன்னேன். அவள் மண் பொம்மைக் கதையை எடுத்துக்கொண்டாள்.