திரை சார்

பேருந்தில் உட்கார இடம் கிடைத்தாலும் அந்த ஆசிரியர் சாய்ந்து உட்கார மாட்டார். முன்சீட்டுக் கம்பியைப் பிடித்தபடி விறைப்பாக இருப்பார். பக்கத்தில் இருப்பவர் "முதுகு வலிங்களா?" என்று கேட்டால், "இல்லீங்க, முதுகு அழுக்காயிடும்" என்பார்.

அவருடைய மனைவியும் லேசுப்பட்டவர் இல்லை. கணவரின் வெள்ளைச் சட்டைக்கு முதுகுப் பக்கம் மட்டும்தான் இஸ்திரி போடுவார். "முன்னாடி யாரு பாக்கப் போறா?" அதுவும் நியாயம்தான். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் அவர் முதுகைப் பார்த்துத்தான் படிக்கிறார்கள்.

அந்தப் பள்ளிக்கு வந்து சேர்ந்த ஒரே நவீனச் சாமான், கையடக்கமான ஒரு புரொஜெக்டர். அவருடைய செல்போனை ஒரு வயரில் அதோடு இணைத்தால் படம் விழும். விழுவதற்குத்தான் இடமில்லை. சுவர் முழுக்க யாரோ எப்போதோ பழமும் பறவையுமாகத் தீட்டி வைத்திருக்கிறார்கள். சூரியனைப் போட்டால் அதற்குள் ஒரு கிளி உட்கார்ந்திருக்கும். வீட்டிலிருந்து பெட்ஷீட் கொண்டுவந்து கட்டினார். கோணி தொங்கும் ஜன்னல் வழியே புகுந்த காற்றில் உலக வரைபடமே ஆட்டம் போட்டது. அதை இழுத்துக் கட்டக் குறுக்கே போனவரின் சட்டையில் படம் விழ, "சார், அப்படியே நில்லுங்க" என்றது வகுப்பு. நின்றவர்தான். பெட்ஷீட் கட்டிலுக்கே திரும்பிப் போனது. ஆளும் நல்ல அகலம். அன்றிலிருந்து அவர் பெயர் திரை சார்.

தன் முதுகில் என்ன ஓடுகிறது என்று அவருக்குத் தெரியாது. பிள்ளைகளின் சத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடிப்பார். 'ஹா' என்று இழுத்தால் எரிமலை. கிசுகிசுத்தால் பாம்பு. "என் முதுகுல இவ்வளவு இருக்குன்னு எனக்கே இப்பத்தான் தெரியுது" என்பார்.

சென்ற வாரம் கல்வி அதிகாரி வந்தார். அவரும் வெள்ளைச் சட்டைதான், கஞ்சி போட்டது. வந்த காரியத்தை அவர் ஒளிக்கவில்லை.

"சுவரே சரியில்ல, இந்த மெஷினை வெச்சுக்கிட்டு என்ன பண்றீங்க? பெரிய ஸ்கூல்ல திரையோட ஹால் இருக்கு. அங்க மாத்திடலாம்னு இருக்கோம்."

ஆசிரியர் வாதாடத் தெரியாத மனிதர். "ஒரு பாடம் பாத்துட்டுக் கொண்டு போங்க சார்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பி நின்றார்.

நுரையீரல் பாடம். முதுகின் இரண்டு பக்கமும் இரண்டு சிவந்த நுரையீரல்கள் வந்து உட்கார்ந்தன. அவர் மூச்சை இழுத்தார், விரிந்தன. விட்டார், சுருங்கின. வகுப்பு மொத்தமும் தன்னை அறியாமல் கூடவே இழுத்து விட்டது. அம்மாடி, எந்த ஹாலில் எந்தத் திரை இப்படி மூச்சு விடும்? பார்க்கப் பார்க்க மேனி சிலிர்க்கிறது.

"ஒரு பெட்ஷீட்டாவது கட்டலாமே?" அதிகாரியின் குரல் தணிந்திருந்தது.

"கட்டினோம் சார்," என்றாள் படம் ஓட்டப் போனைக் கையில் வைத்திருந்த சிறுமி. "அது மூச்சு விடல."

அடுத்தது திமிங்கலம். "சார், இன்னிக்கும் வால் வரல" என்றாள் அவளே. இது தினப்படி வழக்கு. எவ்வளவு அகலமான முதுகானாலும் திமிங்கலத்துக்குப் போதுமா? வால் எப்போதும் அவரைத் தாண்டிப் போய்ச் சுவரில் இருக்கும் மாம்பழங்களுக்குள் தொலைந்துவிடும்.

பின்னால் நாற்காலி நகர்ந்தது. செருப்புச் சத்தம் மெஷினை நோக்கி வந்தது. அணைக்கத்தான் வருகிறார் என்று ஆசிரியர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். திமிங்கலமும் மூச்சு விடாமல் நின்றது. செருப்புச் சத்தம் மெஷினைத் தாண்டி, இன்னும் முன்னால் வந்து, அவர் பக்கத்தில் நின்றது. கஞ்சிச் சட்டை மொடமொடவென்று திரும்புவது கேட்டது.

"வால் வந்துருச்சு சார். நடுவுலதான் கொஞ்சம் வயித்தைக் காணோம்," என்றாள் சிறுமி.

ஆசிரியர் கண்ணைத் திறக்காமலே அரை அடி நகர்ந்து, அதிகாரியின் தோளோடு தோள் ஒட்டி நின்றார்.